முன்சக்கரத்து ரப்பர்

"பயம் எப்போ போகும்?" என்று கேட்டாள் டெல்பின்.

மைதிலி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உனக்குப் பார்த்தா பயம் வருதா, கேட்டா வருதா, நெனச்சா வருதா?"

டெல்பின் யோசித்தாள்.

"கேட்டா. கார்ல ஒரு சத்தம் வருது. முன்பக்கம். டொக்குனு."

"கார் எங்க?"

"வீட்டுல."

"அப்ப இங்க வந்து என்ன பண்ற?"

*

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையோரம், தேயிலைக்கு நடுவே இருந்தது அந்தச் சின்ன ஊர். அங்கே மைதிலியைத் தெரியாதவர்கள் கிடையாது.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். திடீரென்று அதை விட்டுவிட்டு அப்பாவின் வீட்டுக்கே வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "போர்டுல எழுதினதெல்லாம் நெசமான்னு பார்க்க வந்தேன்" என்றாள். கூரை ஒழுகினால் அவளே ஏறுவாள். மோட்டார் நின்றால் அவளே பிரிப்பாள்.

ஊர் மெல்ல மெல்ல அவளிடம் கேள்விகளைக் கொண்டுவர ஆரம்பித்தது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் பாதிரியாருக்கும் பிடிபடாத கேள்விகள்.

யாருக்கும் அவள் நேராகப் பதில் சொன்னதில்லை. ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் தூக்கமே வரவில்லை என்று வந்தார். தான் கூரையில் வேலை முடிக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மதியம் முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றார் மனிதர். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் விடியும்வரை புரண்டுகூடப் படுக்கவில்லை என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

டெல்பினும் மைதிலியும் ஒரே கான்வென்டில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். மிட்டாயைக் கடித்துப் பங்கு போட்டுக்கொண்டவளிடமே போய் ஞானம் கேட்பது லேசான காரியம் இல்லை. டெல்பின் எத்தனையோ தடவை அந்த வீட்டுக் கேட்டு வரைக்கும் வந்து, கூப்பிடாமலே திரும்பியிருக்கிறாள்.

இந்தத் தடவை திரும்ப முடியவில்லை.

சனிக்கிழமை அவள் மாமியார் வருகிறார். ஜெரியைத் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போக.

*

ஜெரி டெல்பினின் மகன். இன்னும் பள்ளிக்கூடம் போகாத வயது. சில நாள் அவனுக்கு மூச்சு இழுக்கும்.

"மருந்து கையிலேயே இருக்கட்டும்மா. அதுக்கும் அடங்கலைன்னா யோசிக்காதீங்க, கீழ கொண்டு வந்துடுங்க" என்று மேட்டுப்பாளையத்து டாக்டர் சொல்லியிருந்தார்.

டெல்பினின் கணவன் லியோ கப்பலில் இருந்தான். கீழே கொண்டுபோக அவளையும், அவள் அப்பா விட்டுப்போன பழைய வெள்ளைக் காரையும் விட்டால் ஆள் இல்லை.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் மருந்துக்கு அடங்கவில்லை. பையனைப் பின்சீட்டில் படுக்கவைத்து வண்டியை எடுத்தாள். முதல் வளைவில் முன்னால் ஏதோ டொக் என்றது. அடுத்த வளைவில் மறுபடியும். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்தது. சக்கரமே கழன்று பள்ளத்தில் உருளப்போகிறது என்று நினைத்தாள். நடுரோட்டில் நிறுத்தினாள். அதற்குமேல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தேயிலை ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் அவளையும் பையனையும் ஏற்றிக்கொண்டு இறங்கினார். ஜெரிக்கு ஒன்றும் ஆகவில்லை. காரை யாரோ கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள்.

அதன்பிறகு டெல்பின் அதன் கதவைக்கூடத் தொடவில்லை.

மாமியார் நல்ல மனுஷி. போனில் பக்குவமாகத்தான் சொன்னார்.

"ஒத்தையில கிடந்து நடுங்காதம்மா. பிள்ளைய நான் வச்சிக்கிடுதேன். முதல்ல உனக்குப் பயம் போகட்டும். போனதும் வந்து கூட்டிட்டுப் போ."

அதனால்தான் டெல்பினுக்கு அது எப்போது போகும் என்று தெரிய வேண்டியிருந்தது.

*

மைதிலி டெல்பின் வீட்டுக்கு வந்தாள். காரை ஒருமுறை சுற்றி நடந்தாள். முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு கம்பியை அங்கே கொடுத்து நெம்பினாள்.

டொக்.

டெல்பின் ஓரடி பின்னால் நகர்ந்தாள். ஜெரி கைதட்டினான்.

"இதுதானா?"

"இதேதான்."

"ஆர்ம் புஷ் போயிடுச்சு."

"அப்படின்னா?"

"சக்கரத்தைப் பிடிச்சுட்டு ஒரு இரும்புக் கை இருக்கு. அந்தக் கை வண்டியோட உடம்புல சேர்ற இடத்துல ரப்பர் வச்சிருப்பான். அது கிழிஞ்சுபோச்சு. இரும்பும் இரும்பும் முட்டுது."

"அன்னைக்குச் சக்கரம் கழண்டிருக்குமா?"

"அன்னைக்குக் கழண்டிருக்காது."

"அப்ப நான் வண்டிய நிறுத்தினது தப்பா?"

மைதிலி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைல வரேன். பழைய சுடிதாரா பார்த்துப் போட்டுக்க."

"எதுக்குடி நாம? மெக்கானிக்கைக் கூப்பிட்டுடலாமே."

"கூப்பிடலாம். கார் சரியாயிடும்."

அவள் போய்விட்டாள். டெல்பின் அந்தப் பதிலோடு வெகுநேரம் காருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

*

மறுநாள் வெயில் வந்ததும் மைதிலி ஒரு சாக்கோடு வந்தாள். சாக்கில் ஸ்பேனர்கள், நீளக் கைப்பிடி வைத்த ஒரு ரெஞ்ச், இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள், புதுப் புஷ்கள், ஒரு சோப்புக்கட்டி.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினாள். தூக்கிய பிறகும் அடியில் போகவில்லை. ஸ்டாண்டுகளைக் கொடுத்து, வண்டியை அவற்றின் மேல் உட்காரவைத்து, தோளால் இடித்து ஆட்டிப் பார்த்தாள்.

டெல்பின் சொன்னாள்:

"உன்னை மாதிரி இருக்கணும்டி. உனக்குப் பயமே கிடையாது."

"ஜாக்கியை மட்டும் நம்பி நான் அடியில போக மாட்டேன்."

"அதுக்குப் பேரு ஜாக்கிரதை."

"பேரை மாத்திட்டா வேற ஆயிடுமா?"

சக்கரங்களைக் கழற்றினார்கள். டெல்பின் மைதிலியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரம் இல்லாத கைகள். கழன்ற போல்ட்டு ஒவ்வொன்றும் எந்த இடத்திலிருந்து வந்ததோ அதே வரிசையில் நியூஸ்பேப்பரில் படுத்துக்கொண்டது. ஒன்று மட்டும் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. மைதிலி அதை அடிக்கவில்லை, திட்டவில்லை. எண்ணெய் விட்டாள். போய் டீ குடித்துவிட்டு வந்தாள். தொட்டதும் அது வந்தது.

இரும்புக் கை வெளியே வந்தது. அதன் நுனியில் இருந்த பழைய புஷ்ஷைத் தள்ளி எடுத்து டெல்பினின் உள்ளங்கையில் வைத்தாள்.

வெளியே ஒரு இரும்பு வளையம். உள்ளே ஒரு இரும்புக் குழல். இரண்டுக்கும் நடுவில் ரப்பர், வெடித்த குதிகால் மாதிரி.

"இத்தனூண்டா?"

"இத்தனூண்டுதான்."

"இது சுத்துமா?"

"சுத்தாது. வழுக்காது. இடம் மாறாது. பள்ளம் வந்தா முறுகிக் குடுக்கும். பள்ளம் போனதும் பழையபடி வந்துடும். இறங்கற அடில பாதியத் தானே வச்சுக்கும். மிச்சத்தைத்தான் உள்ள இருக்கறவங்களுக்கு அனுப்பும்."

டெல்பின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதன் மேல் உட்கார்ந்துதான் அவள் மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருக்கிறாள். கல்யாணப் புடவையோடு போயிருக்கிறாள். பிறந்த மூன்றாம் நாள் ஜெரியை மடியில் வைத்துக்கொண்டு இந்த மலை ஏறியிருக்கிறாள். அன்றைக்கு அவன் தூக்கம் கலையவே இல்லை. அப்படி ஒன்று கீழே இருப்பதே அவளுக்குத் தெரியாது.

ஜெரி எட்டிப் பார்த்தான்.

"பாவம்" என்றான்.

"ஆமாண்டா" என்றாள் மைதிலி. அதைக் குப்பையில் போடவில்லை. மதில் மேல், வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள்.

*

புதுப் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, டெல்பினின் அப்பா வைத்திருந்த பழைய வைஸின் இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே கொடுத்து அழுத்தினார்கள். டெல்பின் கைப்பிடியைச் சுற்றினாள். முதல் தடவை கோணலாக இறங்கியது.

"எடு. மறுபடி."

மறுபடி நேராக இறங்கியது. நேராக இறங்கிய பிறகும் டெல்பின் கைப்பிடியை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று சுற்றப் பார்த்தாள்.

"போதும்டி. உன் ரோஜாப்பூ ஞாபகம் வருது."

ஏழாம் வகுப்புத் தையல் பீரியடில் கர்சீப்பில் ரோஜாப்பூ போடச் சொன்னார்கள். பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் டெல்பின் ஒவ்வொரு தையலையும் இழுத்து இழுத்து முடிந்தாள். கடைசியில் கர்சீப் சுருங்கி, கிண்ணம் மாதிரி மேஜையில் தானாக நின்றது.

"சிஸ்டர் ஜெனோவேவா எனக்குத்தானே பரிசு குடுத்தாங்க" என்றாள் டெல்பின்.

"குடுத்தாங்க. ஆனா அதுல மூக்கு சிந்த முடியல."

டெல்பின் சிரித்தாள். சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. ஜெரி அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தான்.

இரண்டு பக்கத்து இரும்புக் கைகளையும் திரும்ப மாட்டினார்கள். சக்கரம் மாட்டும் இடங்கள் இரண்டு பக்கமும் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

"புஷ் வழியா போற போல்ட்டையெல்லாம் கையால மட்டும் ஏத்து. ஸ்பேனர் படக்கூடாது" என்றாள் மைதிலி.

"ஏன்?"

"வந்து சொல்றேன்."

ஜெரிக்கு ஒன்றுக்கு வந்திருந்தது. அவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

டெல்பின் கையால் ஏற்றினாள். ஏற்றிவிட்டு அந்தப் போல்ட்டுகளைப் பார்த்தாள். விரலால் தொட்டால் திரும்பின.

அந்த வளைவு ஞாபகம் வந்தது. மழை. பின்சீட்டில் அந்த மூச்சின் சத்தம். விரலுக்குத் திரும்புகிற போல்ட்டு.

ஸ்பேனரை எடுத்தாள். பிடி போதவில்லை என்று அதன் முனையில் ஒரு குழாயைச் செருகினாள். காலை ஊன்றி, உடம்பை மொத்தமாகக் கொடுத்து இழுத்தாள். இரண்டு பக்கமும். இனி இதற்குமேல் நகராது என்கிற வரைக்கும்.

பிறகு குழாயை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் காரைப் பார்த்தால் அவளுக்கு இப்போது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

*

சக்கரங்களை மாட்டி, ஸ்டாண்டுகளை எடுத்து, வண்டியைத் தரையில் இறக்கினார்கள். கல்லை நகர்த்தி, முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, திரும்பக் கல் வைத்தார்கள்.

மைதிலி தள்ளிப் போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். காரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கார் நின்றது. ஆனால் என்னமோ மாதிரி நின்றது. மூக்கைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"டெல்பி, தோளை இறக்கு."

டெல்பின் இறக்கினாள். இவ்வளவு நேரமும் தோளைத் தூக்கிக்கொண்டு இருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"உன்னைச் சொல்லல. காரைச் சொன்னேன்."

டெல்பின் கார் பானெட்டில் கை வைத்து அமுக்கினாள். அது விறைப்பாக இருந்தது. கொடுக்கவில்லை.

"முறுக்கிட்டியா?"

"ம்."

"குழாய் போட்டா?"

"ம்."

மைதிலி கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து கையைத் தொங்கவிட்டாள். தொங்கிய கையின் தோள்பட்டையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்தாள்.

"சக்கரம் அந்தரத்துல தொங்கறப்போ முறுக்கின. தொங்கறதுதான் நம்ம இடம் போலன்னு ரப்பர் அப்படியே புடிச்சுக்கிச்சு."

பிடித்த பிடியை விடாமல் தொங்கிய கையை மேலே தூக்கினாள். தோல் சுருண்டு முறுகிக்கொண்டது.

"இப்ப தரைல நிக்குது. பள்ளமே வர வேணாம். சும்மா நிக்கறப்பவே முறுகிக்கிட்டுத்தான் நிக்குது. புது ரப்பர்தான். ஆனா சீக்கிரம் கிழிஞ்சுடும்."

"கெட்டியா இருந்தா நல்லதுன்னு..."

"கெட்டியாத்தான் இருக்கணும். தொளதொளன்னு விட்டா சக்கரம் போயிடும்."

"அப்ப எப்பத்தான்டி முறுக்கறது?"

மைதிலி உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஜெரி, வந்து வண்டில ஏறு."

டெல்பின் பதறினாள்.

"அவன் எதுக்கு? இன்னும் முடியவே இல்லையே. எல்லாம் சரியாகட்டும், அப்புறமா ஏத்திக்கலாம்."

"எடை வேணும்" என்றாள் மைதிலி.

*

ஜெரி ஓடிவந்து டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டான்.

மைதிலி சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிட்டாள். சக்கரத்துக்குப் பின்னால் கை போகிற அளவுக்கு இடம் வந்தது. முறுக்கிய அதே ஸ்பேனரையும் குழாயையும் டெல்பினிடம் கொடுத்தாள்.

"முதல்ல தளர்த்து."

டெல்பின் ஒருக்களித்துப் படுத்து, தான் முறுக்கியதைத் தானே தளர்த்தினாள். முறுக்கியதைவிட அது கஷ்டமாக இருந்தது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் வந்தாள். கடைசிப் போல்ட்டு கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது.

கார் பெருமூச்சு விட்டது.

ஒரு விரற்கடை அளவுதான். ஆனால் இறங்கியது. மூக்கு தாழ்ந்தது. சக்கரங்கள் தரையில் நன்றாக உட்கார்ந்தன.

"அம்மா, வண்டி உக்காந்துடுச்சு" என்றான் ஜெரி மேலிருந்து.

மைதிலி ஸ்பேனரை வாங்கிக்கொண்டு அந்த நீளக் கைப்பிடி ரெஞ்சைக் கொடுத்தாள்.

"இப்ப முறுக்கு. அளவு வந்ததும் அதுவே க்ளிக்குனு சொல்லும். சொன்னதும் கையை எடுத்துடணும். கேப்பியா?"

"கேக்கறேன்."

"ரோஜாப்பூ?"

"கேக்கறேன்டி."

க்ளிக். டெல்பின் கையை எடுத்தாள். கை இன்னும் ஒரு இழுப்பு இழுக்கத் துடித்தது. எடுத்தாள்.

அவள் தலைக்கு மேலே பையன் கியரைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, வாயால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் துள்ளும்போதெல்லாம் அந்த எடை இறங்கி வருவது அவள் கைக்குத் தெரிந்தது. அவள் கண்ணுக்கு முன்னால் அந்தக் கறுப்பு ரப்பர் துளி முறுகியது, துளி திரும்பியது. அது அலட்டிக்கொள்ளவே இல்லை.

அடுத்த போல்ட்டு. க்ளிக்.

கடைசிப் போல்ட்டுக்கு வந்தபோது சீட்டில் கிடந்த அவள் போன் அடித்தது. ஜெரி எடுத்து ஸ்பீக்கரில் போட்டான்.

"ஆச்சி! நான் கார் ஓட்டுறேன்!"

"ஓட்டு ராசா, ஓட்டு. அம்மாட்ட குடு."

"அம்மா வண்டிக்குக் கீழ இருக்கா."

"கீழ என்னத்தச் செய்யுதா? ஏ டெல்பின்?"

"சொல்லுங்க அத்தை" என்றாள் டெல்பின் படுத்தவாக்கிலேயே.

"சனிக்கிழமை ரயிலுக்குச் சொல்லியாச்சு. அதான் கேட்டுக்கிடுவோம்னு அடிச்சேன். எப்படி இருக்க? பயம் போயிட்டாம்மா?"

டெல்பின் மைதிலியைப் பார்த்தாள். மைதிலி ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இல்லை அத்தை. போகல."

"போகட்டும், விடு. அதுக்குத்தான நான் வாரேன். பிள்ளையோட துணிமணிய எடுத்து வச்சிரு."

மேலே ஜெரி சீட்டில் ஏறிக் குதித்தான். கார் தாழ்ந்து எழுந்தது. சத்தம் வருகிறதா என்று டெல்பின் காதைக் கொடுத்துக் கேட்டாள். வரவில்லை.

ரெஞ்சை இழுத்தாள்.

க்ளிக்.

"துணி எடுத்து வைக்கல அத்தை. நீங்க மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வாசல்ல நில்லுங்க. நானும் ஜெரியும் கார்ல வந்து உங்களைக் கூட்டிட்டு வரோம்."